‘அன்றே ஏன் சொல்லவில்லை?’ என்கிறார்கள்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: வெளிநாட்டில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறேன். பத்து நாட்களுக்கு முன் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கும்போது முதுகில் சுளீரென்று பிடித்தது. சரியாகிவிடும் என்று மருந்து தடவிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். சூப்பர்வைசரோ, “அன்றே சொல்லவில்லை, பெல்ட்டும் போடவில்லை, உனக்கு முன்பே முதுகு வலி உண்டுதானே” என்கிறார். இதுவரை ஆன மருத்துவச் செலவைத் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இழப்பீடு கேட்கலாம். அந்தத் தாளில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. கெடுவும் தொகையும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் சூப்பர்வைசர் சொன்ன மூன்று காரணங்களும் எல்லா ஊரிலும் சொல்லப்படுபவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பெல்ட், அதாவது ‘தவறு உன்னுடையதுதான்’ என்ற வாதம். இங்கிலாந்தில் ஒரு கசாப்புக்காரரிடம் வேலை பார்த்த ஆள், அதிக பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து வழக்குப் போட்டார். நடுவர் குழு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. 1837இல் நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள்: ஆபத்து தெரிந்தவர் வண்டியில் ஏற மறுத்திருக்கலாமே என்றார்கள்! இந்த அநியாயத்துக்கு மாற்றாகத்தான் ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் புதிய சட்டங்கள் வந்தன. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டால் யார் தவறு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாக, வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பெரிய தொகை பொதுவாகக் கிடைக்காது. இன்றும் பல நாடுகளில் இதுதான் அடிப்படை. எனவே கவனக்குறைவு என்பது மட்டும் உங்கள் உரிமையைப் பறிக்காது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்றவை வேறு. பெல்ட் கொடுத்தார்களா, போடச் சொன்னார்களா, மற்றவர்கள் போடுகிறார்களா என்பதை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம். இதில் இரண்டு கெடு இருக்கும், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, முதலாளிக்குத் தகவல் சொல்வதற்கு. மற்றது, முறைப்படி கோரிக்கை வைப்பதற்கு. கலிபோர்னியாவில் தகவல் சொல்ல 30 நாள். சிங்கப்பூரில் கோரிக்கை வைக்க விபத்து நடந்ததிலிருந்து ஓராண்டு. பத்து நாள் தாமதத்தால் எல்லாம் போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் இன்றே எழுத்தில் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது போதாது, நாளைக்கு அவரே வேறு வேலைக்குப் போய்விடலாம். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் தேதியோடு பதிவாகும். நாள், நேரம், இடம், என்ன தூக்கினீர்கள், ஏறக்குறைய எத்தனை கிலோ, யார் பக்கத்தில் இருந்தார்கள், அடுத்த இரண்டு நாள் ஏன் வேலைக்குப் போனீர்கள். ஐந்தாறு வரி போதும். “வலி போய்விடும் என்று நினைத்தேன்” என்பது உண்மையென்றால் அப்படியே எழுதுங்கள். முதுகு வலி மெதுவாக முற்றுவது டாக்டர்களுக்குப் புதிதல்ல.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு தாள் உண்டு. முதன்முதலில் பார்த்த டாக்டர் எழுதிய குறிப்பு. காப்பீட்டு நிறுவனம் கேட்டு வாங்கும் முதல் ஆவணங்களில் அதுவும் ஒன்று. அதில் “மூன்று நாளாக முதுகு வலி” என்று மட்டும் இருந்தால், வீட்டில் வந்த வலி என்பார்கள். “வேலையில் பெட்டி தூக்கும்போது தொடங்கியது” என்று இருந்தால் கதையே வேறு. நம் ஆட்கள் டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள், எப்படி வந்தது என்று சொல்ல மாட்டார்கள். டாக்டரும் அவசரத்தில் கேட்க மாட்டார். உடனே அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காரணம் விடுபட்டிருந்தால் அடுத்த முறை போகும்போது தெளிவாகச் சொல்லி, அன்றைய தேதியிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கே வினையாகும்.

பழைய முதுகு வலியை மறைக்கலாமா என்று தோன்றும். மறைக்காதீர்கள். இருந்த கோளாறை வேலை மோசமாக்கினாலும் பல நாட்டுச் சட்டங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. “முன்பு எப்போதாவது வலிக்கும், முழு ஷிப்ட் பார்ப்பேன், இப்போது குனியவே முடியவில்லை” என்ற வித்தியாசம்தான் உங்கள் பலம். மறைத்து, பழைய மருத்துவச் சீட்டு பின்னால் வெளியே வந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, கையெழுத்துப் போடச் சொல்லும் அந்தத் தாள். “இத்துடன் எனக்கு வேறு கோரிக்கை இல்லை” என்ற வரி அதில் அநேகமாக இருக்கும். இப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சொல்லும் சட்டங்கள் உண்டு. ஆனால் அதைச் சொல்லி அலைய வேண்டியவர் நீங்கள்தான். இப்போது தருவதாகச் சொல்வது இதுவரை ஆன செலவை மட்டும். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தில் ஒரு பங்கு (கலிபோர்னியாவில், உச்சவரம்புக்கு உட்பட்டு, மூன்றில் இரண்டு), அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதன் செலவு, நிரந்தரக் குறைபாடு மிஞ்சினால் அதற்கான தொகை எல்லாம் விட்டுப்போகும். நிரந்தரக் குறைபாடு எத்தனை சதவீதம் என்பதை உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கணக்கிட முடியும். பத்தாம் நாளில் யாராலும் சொல்ல முடியாது. “படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று நகல் கேளுங்கள். நகல் தர மறுத்தால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

நீங்கள் வெளிநாட்டுத் தொழிலாளி என்பதால் உரிமை குறையுமா? விபத்து இழப்பீட்டில் வெளிநாட்டவரைச் சொந்த நாட்டவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. சிங்கப்பூரில் வேலை அனுமதி ரத்தானாலும் கோரிக்கை வைக்கலாம். ஏஜெண்ட் மிரட்டினால் இது நினைவிருக்கட்டும்.

லேசான வேலை தருகிறோம், வா என்று கூப்பிடலாம். எத்தனை கிலோ தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், அதற்கு மேல் செய்யாதீர்கள். வீட்டிலும்தான்.

இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ கேட்டு, இரண்டு கெடுவும் எப்போது முடிகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். கோரிக்கையை மறுத்துக் கடிதம் வந்தால் முதலில் தேட வேண்டியது மேல்முறையீட்டுக்கான கடைசி தேதியை. அந்தக் கடிதத்தோடு வழக்கறிஞரிடம் போங்கள்.