‘தொண்டி’ ஏன் ‘தெரண்டி’ ஆகிறது?

கேள்வி: தொண்டியில் மகளிர் குழுவாக நெத்திலி, சூடைக் கருவாடு பாக்கெட் போடுகிறோம். லேபிளுக்காகச் செல்பேசியில் அடித்துக் கொடுத்த தமிழ், அச்சகக் கம்ப்யூட்டரில் உடைந்து தெரிகிறது. ‘பாமினியில் கொடுங்க, லீடிங் பத்தாது, ப்ளீட் இல்லை, கர்வ் பண்ணலை’ என்கிறார்கள். இதெல்லாம் என்ன?

பதில்: தப்பு உங்கள் டைப்பிங்கில் இல்லை. செல்பேசி தருவது யூனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதில் ‘நெத்திலி’யின் முதல் எழுத்து, முதலில் ‘ந’, அப்புறம் கொம்பு என்றே பதிவாகிறது. கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. கோரல்டிரா, போட்டோஷாப் போன்ற டிசைன் மென்பொருள்களின் பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. புதிய இல்லஸ்ட்ரேட்டர் என்றால் டைப் பிரிஃபரன்ஸில் இண்டிக் ஆப்ஷனை இயக்கிவிட்டு, பாராகிராஃப் பேனலில் ‘வேர்ல்டு-ரெடி கம்போஸர்’ வைக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

பழைய பதிப்புதான் இருக்கிறது என்றால் கன்வெர்ட்டரில் (எழுத்து மாற்றும் மென்பொருளில்) போட்டுப் பாமினிக்கு மாற்றத்தான் வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஃபான்ட் அது. பாமினி இல்லாத கணினியில் அதே ஃபைல் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். ‘கர்வ்’ கேட்பது அதனால்தான்: எழுத்தைப் படமாக்கிவிட்டால் ஃபான்ட் தேவையில்லை. ஆனால் பிறகு ஒரு புள்ளியைக்கூட டைப் செய்து திருத்த முடியாது. கர்வ் பண்ணாத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

லீடிங் என்பது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை உள்ள தூரம். எழுத்தளவையும் லீடிங்கையும் பாயின்ட் என்ற அலகில் சொல்வார்கள். 10 பாயின்ட் ஆங்கில எழுத்துக்கு 12 பாயின்ட் லீடிங் போதும். தமிழுக்குப் போதாது, ‘சூடை’யின் வால் கீழ்வரியின் புள்ளியில் போய் இடிக்கும். 14, 15 வையுங்கள். டிராக்கிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவே சமமாக இடைவெளி கூட்டுவது, ஆங்கிலத் தலைப்புக்கு அழகு. தமிழில் தொடாதீர்கள். பல மென்பொருள்களில் ‘தொ’வின் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி, கால் ‘ர’ போலாகி, உங்கள் ஊரே ‘தெரண்டி’ ஆகிவிடும். ஊர்ப்பேரைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் பாயின்ட்டைக் கூட்டுங்கள்.

72 பாயின்ட் ஓர் அங்குலம். ஆனால் அது எழுத்தின் உயரமல்ல, எழுத்து உட்காரும் பெட்டியின் உயரம். அதனால் ஒரே 8 பாயின்ட்டில் இரண்டு ஃபான்ட் சின்னதும் பெரிதுமாகத் தெரியும். சின்ன எழுத்தை போல்ட் ஆக்கினால் ‘ண’, ‘ஞ’ சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும்.

ப்ளீட் எளிது. வெட்டும்போது கத்தி சற்று நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக்கோடு விழாமலிருக்க, பின்னணி நிறத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. வெளியே விடுவது. லேபிள் 100×70 மி.மீ. என்றால் ஃபைல் 106×76. எழுத்து மட்டும் வெட்டுக்கோட்டிலிருந்து 3, 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும்.

விலை, பேக்கிங் தேதிக்கு வெற்றிடம் விட்டு ஸ்டாம்ப் அடியுங்கள். ஒன்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: காகித ஸ்டிக்கர் வேண்டாம். கருவாட்டின் எண்ணெயும் உப்பு ஈரமும் அதை ஊறவைத்துவிடும். லேமினேஷன் போட்ட பிளாஸ்டிக் ஸ்டிக்கராகக் கேளுங்கள்.