மிளகாய்த்தூள் டப்பாவில் ஓர் அடையாள அட்டை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகனோடு இருக்கிறேன். அன்று என் மடியில் வளர்ந்த ஒரு பெண் மணமாகி அதே தோட்டத்து வீட்டில் வாழ்கிறாள். கணவன் அடிக்கிறான். இரண்டு முறை நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும் சில நாள்களில் திரும்பிப் போய்விட்டாள். இரண்டாம் முறை புறப்படுமுன், தன் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் புதைத்து, "ஆயா, இது மட்டும் இங்கேயே இருக்கட்டும்" என்றாள். ஆத்திரத்தில் நான், "இனி அடிபட்டால் என்னிடம் வராதே" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. கோயில் தலைவரோ, இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கலாம் என்கிறார். நான் என்ன செய்வது?

ஓர் ஆயா, பேராக்

அன்புள்ள அம்மா,

திரும்பிப் போகிற பெண் தன் அடையாள அட்டையை உங்களிடம் விட்டுச் சென்றிருக்கிறாள் என்றால், அவள் மனத்தில் பாதி ஏற்கெனவே வெளியேறிவிட்டது. மீதிப் பாதியைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்பது தோட்டத்தில் வாழ்ந்த உங்களுக்குத் தெரியாததல்ல: வீடு கணவனின் வேலையோடு ஒட்டியது, கையில் காசில்லை, போனால் ஊர் என்ன பேசும் என்ற பயம். பிரிந்து போகும் நேரத்தில்தான் வன்முறை பெரும்பாலும் கடுமையாகிறது என்பதால், அவளுடைய தயக்கத்தில் பயத்தோடு கணக்கும் இருக்கிறது.

கோயில் தலைவரின் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அடித்தவன் எதிரே அமர்ந்திருக்கையில் அவளால் உண்மையைப் பேச முடியாது. பேசினால், அதற்கான விலையை அன்றிரவு வீட்டில் கொடுப்பாள். ஆகவே அந்தப் பேச்சுக்கு நீங்கள் துணை போக வேண்டாம். தலைவர் உதவத்தான் வேண்டுமென்றால், பட்டணத்துக்குப் போக ஒரு கார் தரட்டும்.

நம் மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2017இல் அதைத் திருத்தியபோது அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சேர்த்தார்கள். சமூகநல இலாகா அதிகாரியே அதை வழங்கலாம்; போலீஸ் புகார் முன்கூட்டியே தேவையில்லை; ஏழு நாள் செல்லும். அதற்குப் பிறகும் காவல் வேண்டுமென்றால், போலீசில் புகார் கொடுத்து, விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பெற வேண்டும். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். அங்குள்ள ஒருங்கிணைந்த நெருக்கடி மையத்தில் மருத்துவர் காயங்களைப் பதிவு செய்வார், அந்தப் பதிவு பின்னர் நீதிமன்றத்தில் பேசும். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணான 15999ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். அவளுக்காக நீங்களே அழைத்து வழி கேட்பதிலும் தவறில்லை. ஈப்போவில் இயங்கும் பேராக் விமன் ஃபோர் விமன் போன்ற அமைப்புகள் ஆலோசனை தருகின்றன.

எப்போது வெளியேறுவது என்பதை மட்டும் அவளே தீர்மானிக்க விடுங்கள். பல ஆண்டுகளாக அவளுக்காக வேறொருவன்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறான். காவல் நிலையத்தில் அவள் பக்கத்தில் உட்காருங்கள்; அவளுக்குப் பதிலாகப் பேசாதீர்கள். அவள் கைப்பேசிக்கு இது பற்றிச் செய்தி அனுப்பாதீர்கள், கணவன் பார்க்கக்கூடும். ஆபத்தென்றால் உங்கள் இருவருக்கும் மட்டும் புரியும் ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்; "மாவு அரைக்க வரவா?" என்பதுபோல் சாதாரணமாக இருந்தால் போதும். அந்தச் சொல் வந்தால், நீங்களாக அங்கே ஓடாமல் உடனே 999ஐ அழையுங்கள்.

நீங்கள் சொன்ன கடுஞ்சொல்லுக்கு நீண்ட மன்னிப்பு வேண்டாம். சந்தையிலோ கோயிலிலோ அவளைத் தனியாகப் பார்க்கும்போது, "அன்று கோபத்தில் சொன்னேன், டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். முடிந்தால், குழந்தையின் பிறப்புப் பத்திரத்தின் நகலையும் ஐம்பது வெள்ளிப் பணத்தையும் அதில் சேர்த்து வைக்கலாமா என்று அவளிடமே கேளுங்கள்.