சியானில் மூன்று வருடம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சீனாவின் சியான் நகரத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மூன்று வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

சீன மொழி தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா? (வாசகி, ஈரோடு)

வகுப்பறைக்குள் தள்ளலாம், சந்தையில் கஷ்டம். ஒரே சொல்லை நாலு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் நாலு அர்த்தம் வரும் மொழி அது. 'மாய்' என்பதை இறக்கி ஏற்றினால் வாங்குவது, சட்டென்று இறக்கிவிட்டால் விற்பது! ஆனால் 'லாவ்ஷி' என்ற ஒரு சொல் என்னைக் காப்பாற்றியது. ஆசிரியர் என்று அர்த்தம். மாணவர்கள் மட்டுமில்லை, வாசல் காவலாளி, கேன்டீனில் சோறு போடும் அம்மா, எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். குடியிருப்பில் இருந்த பெரியவர் ஒருவர் படியில் பார்க்கும்போதெல்லாம் 'ச்சி ல மா?' என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அதைக் கேட்ட நாளிலிருந்து ஊர் ஞாபகம் கொஞ்சம் குறைந்தது.

சுடுமண் வீரர்களைப் படத்தில் பார்த்தால் போதாதா? (வாசகர், கரூர்)

போதாது. சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சமாதிக்குக் காவலாகக் குழிகளில் புதைத்துவைத்த ஆள் உயரச் சிலைகள் இவை. 1974-ல் விவசாயிகள் கிணறு வெட்டும்போது கிடைத்தன. முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம். எண்ணாயிரம் வீரர்கள் வரை இருக்கலாம் என்று கணக்கு. பாதிக்கு மேல் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது முன்வரிசை இல்லை, குழியின் பின்பக்கம்தான். அங்கே தலை வேறு கை வேறாகக் கிடக்கும் துண்டுகளை ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சிலைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தது, தோண்டி எடுத்ததும் காற்றுப் பட்டு உரிந்துவிட்டது. பேரரசரின் சமாதியை இன்னும் திறக்காமல் வைத்திருப்பது சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது. பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், டிக்கெட் அதை வைத்துத்தான்.

யுவான் சுவாங் வாழ்ந்த ஊர்தானே சியான்? அவர் நினைவாக ஏதாவது இருக்கிறதா? (வாசகர், காஞ்சிபுரம்)

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தியாவிலிருந்து 645-ல் திரும்பும்போது அவர் 657 நூல்களைக் கொண்டுவந்தார். அவற்றைப் பத்திரமாக வைக்க 652-ல் எழுப்பிய கோபுரம்தான் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். பிறகு மாற்றிக் கட்டி, இப்போது ஏழு அடுக்காக, சுமார் 64 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. முன்னால் அவர் சிலையும் இருக்கிறது. முதல் வருடம் ஒரு மாணவி என்னிடம் எந்த ஊர் லாவ்ஷி என்று கேட்டாள். காஞ்சிபுரத்துக்குப் பக்கம் என்று வரைபடத்தில் காட்டினேன். மறுவாரம் யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பில் திராவிட நாட்டைப் பற்றிய பக்கத்தைக் கண்டுபிடித்து எடுத்து வந்தாள். தலைநகரின் பெயர் 'ஜியென்-ஜி-பு-லுவோ' என்று எழுதியிருந்தது. காஞ்சிபுரம்தான்! வெப்பமான நாடு, மக்கள் தைரியசாலிகள், நம்பிக்கைக்கு உரியவர்கள், கல்வியில் பற்றுள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறார். அவள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்துக் காட்டினாள், நான் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

சைவம் சாப்பிடுகிறவர் பிழைக்க முடியுமா? (வாசகி, மதுரை)

'வோ ச்சி சு' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், நான் சைவம் என்று அர்த்தம். கீரைப் பொரியலில்கூடக் கொத்துக்கறி தூவுவார்கள், அதனால் கேட்டே ஆகவேண்டும். லியாங்பி நிம்மதியாகச் சாப்பிடலாம். குளிர்ந்த பட்டைப் பட்டையான நூடுல்ஸில் வினிகரும் மிளகாய் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள், காரம் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

அசைவக்காரர்கள் 'பாவ்மோ' சாப்பிடாமல் வரக்கூடாது. உட்கார்ந்ததும் வெறும் கிண்ணமும் கெட்டியான ரொட்டியும் கொடுப்பார்கள், அதை நாமேதான் பிய்க்கவேண்டும். நான் இட்லி பிட்டுப் போடுகிற மாதிரி பெரிது பெரிதாகப் போட்டேன். பக்கத்து மேசைத் தாத்தா கிண்ணத்தை இழுத்து, சோயா பருப்பு அளவுக்குப் பிய்க்கச் சொல்லிச் செய்து காட்டினார். துண்டு சிறிதானால்தான் ஆட்டுக்கறிச் சாறு உள்ளே இறங்குமாம். அரைமணி நேரம் பிய்த்தோம், அவர் பேசிக்கொண்டே இருந்தார், எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் கிண்ணத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போய், சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து, ஊறவைத்த பூண்டோடு கொண்டுவந்தார்கள்.

எந்த மாதம் போகலாம்? (வாசகர், திருச்சி)

ஏப்ரல், இல்லாவிட்டால் அக்டோபர் கடைசி. அக்டோபர் முதல் வாரம் வேண்டாம், தேசிய விடுமுறை, எங்கே பார்த்தாலும் தலைதான் தெரியும். நவம்பரில் போனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வீடுகளைச் சூடாக்க ஊர்ப் பொதுவில் குழாய் வழியாகச் சூடு விடுவது 15-ஆம் தேதியிலிருந்துதான், அதுவரை அறைக்குள்ளும் ஸ்வெட்டர்தான். நான் ஃபிளாஸ்கில் வெந்நீரோடு திரிந்தேன். கல்லூரியில் மாடிக்கு மாடி வெந்நீர்க் குழாய் உண்டு. கோட்டைச் சுவர் மேல் சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள். சுற்றிவர ஏறக்குறைய 14 கிலோமீட்டர், தெற்கு வாசலில் மாலை நாலரை மணிக்கு ஏறினால் இறங்கும்போது கீழே விளக்கெல்லாம் ஏற்றியிருப்பார்கள்.