ரூர் நிலக்கரித் தொழிலாளி, 1914 முதல் 1945 வரை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜெர்மனியின் மேற்கில் உள்ள ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் படித்துவருவது எஸ்ஸன், போஹும், டோர்ட்முண்ட் சுற்றுவட்டாரத்தை. அதற்கு வெளியே கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். ஒரு எச்சரிக்கை: "ஜெர்மன் தொழிலாளி" என்று ஒரே ஆள் கிடையாது. ஒரே குழியில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், போலந்துக்காரர், சமூக ஜனநாயகவாதி, கம்யூனிஸ்ட் எல்லாரும் இருந்தார்கள். இதை மறந்தால் எந்தப் பதிலும் புரியாது.

கேள்வி (சேலம்): சார், சாதாரண வேலை நாள் ஒன்று எப்படி இருக்கும்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பையன் 14 வயதில் பள்ளியை முடித்துவிட்டு, மேலே ஓடும் பட்டையில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்குவான். அப்புறம் கீழே இறங்கிக் குதிரை ஓட்டுவான், வண்டி தள்ளுவான். முழு வெட்டுத் தொழிலாளியாக இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

ஷிஃப்ட் தொடங்கும் இடம் குளியல் கூடம். அங்கே அலமாரி இருக்காது. ஒவ்வொருவருக்கும் சங்கிலியில் ஒரு கொக்கி. வீட்டு உடையைக் கழற்றி அதில் மாட்டி, கூரை வரை இழுத்துவிட்டு, சங்கிலியைப் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது அது கீழே வரும், கரி படிந்த உடை மேலே போகும். நிமிர்ந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான சட்டைகள் தொங்கும்.

கூலி, நாள் கணக்கில் இல்லை. ஒரு சிறு குழு, ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியுடன் பேரம் பேசும். பாறை கடினமாகிவிட்டாலும் அதே விலைதான். அதோடு, வண்டியில் கல் அதிகம் கலந்திருந்தால் முழு வண்டியையும் கணக்கிலிருந்தே அடித்துவிடும் வழக்கம் இருந்தது. வெட்டியவனுக்கு ஒரு காசும் கிடைக்காது. ஆனால் அந்த வண்டியில் இருந்த நல்ல நிலக்கரியை முதலாளி விற்றுக்கொள்வார். 1905-ல் சுமார் 2 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் பிரஷ்யாவின் (ரூர் அடங்கிய ஜெர்மன் மாநிலம்) சட்டம் இதைத் தடை செய்தது. இந்தத் தொழிலாளியின் அரசியலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் அவனுடைய கூலிக் கணக்கைப் பாருங்கள். கொடி, கோஷமெல்லாம் பிறகு.

கேள்வி (கோவை): சுரங்கக் குதிரைகள் எப்போது வரை இருந்தன?

பதில்: கடைசிக் குதிரை 1966-ல் மேலே வந்தது.

கேள்வி (கொழும்பு): முதல் உலகப்போர் இவர்களை எப்படி மாற்றியது?

பதில்: பலரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, நிலக்கரி குறைந்ததும் ஒரு பகுதியினரைத் திரும்ப அழைத்தார்கள். 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு கிடைக்காமல் மாட்டுத் தீவனக் கிழங்கைத் தின்றுகொண்டு கீழே இறங்கினார்கள். 1919-ல் போராடி 7 மணி நேர ஷிஃப்டைப் பெற்றார்கள். அடுத்த வருடம் பெர்லினில் ராணுவச் சதி நடந்தபோது, ரூர் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் ஆயுதம் ஏந்தினார்கள். அவர்களை அடக்கப் படைகளை அனுப்பியது சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும். 1923-ல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூரை ஆக்கிரமித்தன. அந்த நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். அதோடு 7 மணி நேர ஷிஃப்டும் போய்விட்டது.

கேள்வி (நெய்வேலி): எங்கள் ஊர்ச் சுரங்கத்தோடு ஒப்பிட முடியுமா?

பதில்: உங்களுடையது திறந்தவெளியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி. வேலை முறையே வேறு. அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): வேலையில்லாத் திண்டாட்டம்தானே ஹிட்லரைக் கொண்டுவந்தது? பட்டினி கிடந்த தொழிலாளிதானே அவருக்கு ஓட்டுப் போட்டான்?

பதில்: இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்.

1922-ல் ரூர் சுரங்கங்களில் 5 லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். 1932-ல் சுமார் 2 லட்சம். 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடிக்கு முன்பே காற்றழுத்தக் கடப்பாரை வந்து ஆட்களைக் குறைத்துவிட்டது. வேலை மிஞ்சியவனுக்கும் மாதத்தில் பல ஷிஃப்ட் ரத்து, அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. வேலை போனவன் அலுவலகத்தில் வரிசையில் நின்று அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். காப்பீட்டுப் பணம் தீர்ந்தால் அடுத்த நிலை உதவி, அதுவும் தீர்ந்தால் நகராட்சி தரும் சொற்பம். குடியிருப்பது கம்பெனி வீடாக இருந்தால் அதுவும் ஆபத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் ரூரின் வேலையற்றவர்கள் நாஜிகளிடம் கூட்டமாகப் போகவில்லை. அவர்களில் மிகப் பலர் கம்யூனிஸ்டுகளுக்கே ஓட்டளித்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளி தன் மதத்தவரின் கட்சியான மையக் கட்சியை விடவில்லை. 1932 நவம்பரில் நாடு முழுவதும் நாஜிகளுக்கு 33.1 சதவீதம். சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்தால் 37.3. நாஜிகளுக்கு ஓட்டளித்த தொழிலாளர்களும் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் நிலக்கரி முதலாளி எமில் கிர்டோர்ஃப் 1927-லேயே அந்தக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): 37.3 இருந்தும் ஏன் தோற்றார்கள்? ஸ்டாலின் சொன்னபடி சமூக ஜனநாயகவாதிகளை "சமூகப் பாசிஸ்டுகள்" என்று திட்டிய கம்யூனிஸ்டுகள்தான் காரணம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஈரோட்டு நண்பருக்கு மறுப்பு. 1920-ல் தொழிலாளர்களைச் சுட்டது யார்? துரோகம் அங்கே தொடங்கியது.

பதில்: இரண்டு பேரும் நாலைந்து முறை மாறி மாறி எழுதிவிட்டீர்கள், மற்றவர்களும் பக்கம் பிரிந்து சேர்ந்துவிட்டார்கள். நான் நினைப்பதைச் சொல்கிறேன். "சமூகப் பாசிஸ்ட்" கொள்கை பெரும் கேடு, சந்தேகமில்லை. ஆனால் மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு வார்த்தையை ரூர்க்காரன் நம்பியதற்கு, 1920-ன் கல்லறைகள் அவன் ஊரிலேயே இருந்தது ஒரு காரணம்.

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட விஷயம் இன்னொன்று. 1932-ல் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையற்றவர்கள். பழைய தொழிற்சங்கத்தில் இருந்தவர்களோ மிஞ்சிய வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். வேலைநிறுத்தம் செய் என்று கத்துபவனுக்கு நிறுத்த வேலையில்லை. வேலை இருப்பவன் நிறுத்தினால், அவன் இடத்துக்கு ஆள் வாசலில் நிற்கிறான். வேலையின்மை இவர்களை ஹிட்லரிடம் கொடுக்கவில்லை, ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்தது. இதுதான் என் முடிவு.

1933 மே 2 அன்று சங்கக் கட்டடங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். டூயிஸ்பர்க்கில் அன்றே நான்கு சங்கத்தினரைக் கொன்றார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஃபிரிட்ஸ் ஹுசெமனை 1935 ஏப்ரலில் எஸ்டர்வேகன் வதை முகாமில் சுட்டார்கள். "தப்பியோட முயன்றார்" என்று அதிகாரிகள் சொன்னார்கள். தயவுசெய்து இந்தச் சண்டையை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (சென்னை): ஹிட்லர் வந்ததும் எல்லாருக்கும் வேலை கிடைத்ததே, அவர்களுக்கு நல்லதுதானே?

பதில்: கூலிக் கணக்கைப் பாருங்கள் என்று மேலே சொன்னேன். சங்கம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, கூலியை அரசு நியமித்த அதிகாரி தீர்மானிப்பார். ஆயுதத் தொழிற்சாலையில் சம்பளம் நன்றாக இருந்ததால் இளைஞர்கள் சுரங்கத்தை விட்டுப் போனார்கள். ஆள் பற்றாக்குறைக்கு ஹிட்லரின் அமைச்சர் கூரிங் கண்ட தீர்வு, 1939 மார்ச் ஆணை: ஷிஃப்டில் 45 நிமிடம் கூடுதல்.

கேள்வி (திருநெல்வேலி): போர்க்காலத்தில் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்களாமே?

பதில்: ஆம். 1944-ல் ரூர் சுரங்க ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெளிநாட்டவர், பெரும்பாலும் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சோவியத் போர்க் கைதிகளின் நிலைதான் மிக மோசம். இங்கேதான் எனக்கு மனம் மிகவும் கனக்கிறது. நேற்று வரை மேஸ்திரியின் கீழ் இருந்த ஜெர்மன் தொழிலாளி, இப்போது பசியில் துவண்ட கைதிகளை வேலை வாங்குபவன் ஆனான். அடித்தவர்கள் உண்டு, தன் ரொட்டியில் பாதியை ரகசியமாகக் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் சாட்சியங்கள் இருக்கின்றன. "ஜெர்மன் தொழிலாளி எப்படிப்பட்டவன்?" என்று ஒற்றை வரியில் கேட்ட மூன்று பேருக்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெங்களூரு): என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். கடைசியில் மூச்சுத் திணறித்தான் போனார். ஜெர்மனியிலும் இந்த நோய் இருந்ததா?

பதில்: இருந்தது, அம்மா. பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெட்டியாக்கிவிடும். காற்றழுத்தத் துளைக்கருவி வந்த பிறகு தூசி பலமடங்கு ஆனது. 1929-ல் ஜெர்மனி இதைத் தொழில்நோயாக ஏற்றது, ஆனால் கடுமையாக முற்றியவர்களுக்கு மட்டும். கோலாரில் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் இருந்தது, அதுவும் சிலிக்காதான். தாத்தாவின் வேலை அட்டை, எக்ஸ்-ரே, மருத்துவச் சீட்டு ஏதாவது வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்தும் வையுங்கள்.