கேள்வி பதில்: நிலநடுக்கக் கொத்துகளும் ஃப்ராக்டல் கணக்கும்

வேளச்சேரி வாசகர்: ஃப்ராக்டல் பரிமாணத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் என்ன தொடர்பு?

புள்ளிகள் இடத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்று சொல்லும் எண்தான் ஃப்ராக்டல் பரிமாணம். நிலநடுக்க மையங்களை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். கோலப்புள்ளிபோல் சீராகப் பரவியிருந்தால் பரிமாணம் 2. நிலப்பிளவுக் கோட்டின் மேல் வரிசையாக நின்றால் 1. ஓரிடத்திலேயே குவிந்தால் 0-வை நெருங்கும். நிஜத்தில் இடைப்பட்ட எண்தான் வரும். ஒரு தூரத்துக்குள் எத்தனை ஜோடிப் புள்ளிகள் அடங்குகின்றன என்று எண்ணி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டையும் மடக்கை அளவில் வரைந்தால் கிடைக்கும் சரிவே அந்த எண். இயற்பியலாளர்கள் கிராஸ்பெர்கரும் புரோகாச்சியாவும் 1983-இல் தந்த முறை இது. சிறு தூரங்களில் இடப்பிழையும் (மையத்தின் இடத்தைக் குறிப்பதில் வரும் பிழை) பெரு தூரங்களில் ஆய்வுப் பகுதியின் எல்லையும் வரைந்த கோட்டை வளைத்துவிடும். நேராக ஓடும் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஐம்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு மூன்று தசம இலக்கம் எழுதவே எழுதாதீர்கள்.

தரமணி ஆய்வு மாணவர்: நிலநடுக்கவியலாளர் அக்கி 1981-இல் 'டி = 2பி' என்று காட்டினாரே, பி மதிப்பே போதாதா?

போதாது. டி என்பது ஃப்ராக்டல் பரிமாணம்; பி என்பது பெரிய நடுக்கங்களோடு ஒப்பிட்டால் சிறியவை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண். அந்த உறவு பிளவுகளின் அளவுப் பரவலைப் பற்றியது. உங்கள் கையில் இருப்பது மையங்களின் இடப்பரவல். ஜப்பானின் தோஹோகு பகுதியில் பி ஏறும்போது டி இறங்குவதை ஆய்வாளர் ஹிராட்டா 1989-இல் காட்டினார். அந்தச் சூத்திரத்துக்கு நேர் எதிர்.

அதே மாணவர்: பின்னதிர்வுகளை நீக்கிவிட்டால் சரியாகுமா?

நீக்கினால் கொத்தே போய்விடும், கொத்தைப் படிக்கத்தானே வந்தோம்! வழக்கமான அபாய மதிப்பீட்டுக்கு நீக்கலாம். அங்கே பிரதான நடுக்கங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறார்கள். இரண்டு வேலைக்கும் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். எதில் எத்தனை புள்ளி என்று கட்டாயம் எழுதுங்கள்.

பெரம்பூர் வாசகர்: 2012-இல் ஆடியதுபோல் சென்னை மறுபடி எப்போது ஆடும்?

அன்று ஏப்ரல் 11-இல் ஆட்டியது சுமத்ராவுக்கு அப்பால் நடந்த 8.6 அளவு நடுக்கம். பரிமாணம் நெருக்கத்தைச் சொல்லும், நாளைச் சொல்லாது.

அம்பத்தூர் வாசகர்: பரிமாணம் குறைந்தால் பெரிய நடுக்கம் வருமா?

பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள். எத்தனை புள்ளியில் குறைந்தது என்றும் பாருங்கள்.

தாம்பரம் வாசகர்: தேதி கணிக்க முடியுமா?

முடியாது.

பெரும்பாக்கம் வாசகர்: எங்கள் அடுக்குமாடி தாங்குமா?

இதற்குக் கட்டமைப்புப் பொறியாளர்தான் வேண்டும். 2002-இல் சென்னையை நிலநடுக்க அபாய மண்டலம் 3-க்கு உயர்த்தினார்கள். உங்கள் பக்கத்துச் சதுப்பு மண் அதிர்வைப் பெருக்கும். கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களின் மேல் கார் நிறுத்தம் இருக்கிறதா? 2001 பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் இப்படிப்பட்ட கட்டடங்கள் இடிந்தன. அந்தத் தூண்களை இந்த மாதமே பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்.