பழைய கருவி கேள்வி-பதில்: மேல் பொத்தானைத் தொடுமுன்

இழுப்பறையில் தூங்கும் கையடக்க ஆர்கனைசர்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். எழுதியதுதான் தாமதம், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. டேப் ரிக்கார்டர் பெல்ட் பற்றிக் கேட்ட நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இந்த முறை பக்கம் முழுக்க பாம் கருவிக்குத்தான். முகவரி, குறிப்பு, நாட்காட்டி எல்லாவற்றையும் சட்டைப்பைக்குள் அடக்கிய, பாம் நிறுவனத்தின் கையடக்க ஆர்கனைசர் அது.

கேள்வி: ஐயா, அப்பா வைத்திருந்த பாம் த்ரீ ஒன்று, அது உட்காரும் தொட்டிலோடு கிடைத்தது. புது பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது, ஆனால் உள்ளே அப்பா எழுதியது எதுவுமே இல்லை. போகட்டும். அகராதி மென்பொருள் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன், பெயர் பி.ஆர்.சி. என்று முடிகிறது. அதைக் கருவிக்குள் எப்படி அனுப்புவது? கருவியில் டவுன்லோட் என்று ஓர் இடமே காணோமே?

பதில்: இருக்காது. உங்கள் கருவி 1998-இல் வந்தது. அன்றைக்கு அது தனியாக வாழப் பிறந்த பிள்ளை இல்லை, கணினியின் இடுப்பிலேயே இருக்கும் பிள்ளை. இதைக் கற்பனை செய்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாவதற்கு முன்பே சட்டைப்பைக்கு ஏற்ற அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, கூட்டங்களில் அதை எடுத்து எழுதுவதுபோலப் பாவனை செய்து பார்த்தாராம். பையில் கிடக்க வேண்டும், எடுத்தவுடன் வேலை செய்ய வேண்டும், கனமான காரியங்களை மேசைமேல் இருக்கும் கணினி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கணக்கு. மென்பொருள் ஏற்றுவதும் அந்தக் கனமான காரியங்களில் ஒன்று.

அப்பாவின் குறிப்புகள் போனதற்கும் காரணம் உண்டு. அந்தக் கருவியின் 2 எம்.பி. நினைவகம் பேட்டரியின் உயிரில்தான் நிற்கிறது. பேட்டரி செத்தால் முகவரி, குறிப்பு, ஏற்றிய மென்பொருள் எல்லாம் கூடவே போய்விடும். மிஞ்சுவது தொழிற்சாலையில் வைத்தது மட்டுமே. அப்பாவின் பழைய கணினி எங்காவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பாம் டெஸ்க்டாப் என்ற மென்பொருள் இருந்த கோப்புறைக்குள் அவர் பெயரைச் சுருக்கி ஓர் உள்கோப்புறை இருக்கும். கடைசியாக ஒத்திசைத்த, அதாவது கருவியிலும் கணினியிலும் இருப்பதை ஒன்றுபோல ஆக்கிய, நாள் வரையிலான எழுத்தெல்லாம் அதற்குள் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இனி ஏற்றும் வேலை. முதலில் புதிய பேட்டரி இரண்டு. இந்தத் தொட்டில் கருவிக்கு மின்சாரம் கொடுக்காது, வெறும் கம்பிவழிதான். பாதி வழியில் பேட்டரி படுத்தால் தலைவலி. பேட்டரி மாற்றும்போது இரண்டையும் கழற்றிவிட்டுப் பேச்சுக்கு உட்காராதீர்கள். உள்ளே சேமித்த மின்சாரம் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் நினைவகத்தைத் தாங்கும்.

தொட்டிலின் வாலில் இருப்பது ஒன்பது ஊசி சீரியல் இணைப்பி. இன்றைய கணினியில் அந்தத் துளை இருக்காது என்பதால், யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் ஒன்று தேவை. அதைச் செருகியதும் விண்டோஸ் அதற்கு காம் போர்ட் எண் ஒன்றைக் கொடுக்கும், சீரியல் இணைப்புக்குக் கணினி வைக்கும் அடையாள எண் அது. பதினொன்று, பதின்மூன்று என்று பெரிய எண்ணாக வந்தால் டிவைஸ் மேனேஜரில் போய்ச் சின்ன எண்ணாக மாற்றிவிடுங்கள். பழைய மென்பொருளுக்குப் பெரிய எண்கள் கண்ணில் படாது. பிறகு பாம் டெஸ்க்டாப்பை நிறுவுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு வெளியே தனிக் கோப்புறையில் நிறுவினால், பின்னாளில் வந்த விண்டோஸ்கள் அனுமதி கேட்டுப் படுத்தாது. நிறுவும்போது உங்களுக்கு ஒரு பயனர் பெயர் கேட்கும். அதை எங்காவது எழுதி வையுங்கள், கீழே இன்னொரு வாசகருக்குச் சொல்வதைப் படித்தால் ஏன் என்று புரியும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக இரண்டு அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் சின்னம் வந்து உட்காரும். அதுதான் ஹாட்சிங்க் மேனேஜர். ஒத்திசைவுக்கு பாம் வைத்த பெயர்தான் ஹாட்சிங்க். அதைச் சொடுக்கி 'லோக்கல் சீரியல்' என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள், அமைப்புகளில் சரியான காம் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது அகராதிக் கோப்பை இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் இன்ஸ்டால் டூல் திறந்து, யாருக்கு என்று கேட்கும். உங்கள் பெயரைக் காட்டி 'டன்' கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போவார்கள். 'டன்' கொடுத்ததும் கருவியை எடுத்துப் பார்த்து, "ஒன்றும் வரவில்லையே" என்பார்கள். வராது. கோப்பு இப்போது உங்கள் பெயர்க் கோப்புறைக்குள் 'இன்ஸ்டால்' என்ற அறையில் வரிசையில் நிற்கிறது, அவ்வளவே. கருவியைத் தொட்டிலில் வைத்து, தொட்டிலின் முகப்பில் இருக்கும் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்துங்கள். கீச்சென்று சின்ன இசை ஒன்று கேட்கும். அப்போதுதான் வண்டி கிளம்புகிறது. முடிந்தபின் அந்த இன்ஸ்டால் அறையைத் திறந்து பாருங்கள். கோப்பு அங்கே இல்லை என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் அங்கேயே நின்றால் பெயர் மாறிப்போயிருக்கிறது, அல்லது இணைப்பு அறுந்திருக்கிறது.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாதியில் பிடுங்கிவிடக் கூடாது அல்லவா? நொடிக்கு 57,600 பிட் என்றால் ஒரு நொடிக்கு 5.6 கே.பி. அளவில்தான் போகும். 100 கே.பி. மென்பொருளுக்குப் பதினெட்டு நொடி. 2 எம்.பி. முழுவதையும் நிரப்ப ஆறு நிமிடம். இணைப்பு நடுவில் அறுந்துகொண்டே இருந்தால் அமைப்பில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மலிவு கேபிள்களுக்கு மெதுநடைதான் ஒத்துப்போகும்.

அகராதி ஜிப்பாக வந்திருந்தால் முதலில் பிரியுங்கள். உள்ளே பி.ஆர்.சி. கோப்போடு பி.டி.பி. கோப்பும் இருக்கலாம். முன்னது மென்பொருள், பின்னது சொற்கள் அடங்கிய தரவு. இரண்டையும் அனுப்ப வேண்டும். மென்பொருளை மட்டும் அனுப்பிவிட்டு "அகராதியில் ஒரு சொல்கூட இல்லை" என்று எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சார், நான் கல்லூரி மாணவன். டங்ஸ்டன் ஈ என்ற பாம் கருவியை வாங்கினேன். யு.எஸ்.பி. கேபிளில் மாட்டினால் கணினி கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. பென்டிரைவ் மாதிரி வரவேண்டாமா? விண்டோஸ் 64-பிட்.

பதில்: வராது தம்பி. உங்கள் கருவி கெட்டுப்போகவில்லை. யு.எஸ்.பி. பாம்கள் கம்பியை மாட்டியதும் தலையைக் காட்டாது. திரையில் ஹாட்சிங்க் சின்னத்தைத் தட்டிய பிறகுதான் "நான் இருக்கிறேன்" என்று கணினியிடம் சொல்லும், ஒத்திசைவு முடிந்ததும் மறுபடி மறைந்துவிடும். ஆகவே முதலில் தட்டு, பிறகு பார்.

64-பிட் விண்டோஸ் என்பது தனிச் சிக்கல். அதற்கு யு.எஸ்.பி. டிரைவரை பாம் நிறுவனம் எழுதவே இல்லை. வேறொரு சிறு நிறுவனத்தின் டிரைவரைப் போட்டு ஒப்பேற்றுபவர்கள் உண்டு. மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் எக்ஸ்.பி.யை ஓட்டி அதற்குள் யு.எஸ்.பி.யைத் திருப்பிவிடுபவர்களும் உண்டு. லினக்ஸ் தெரியுமென்றால் பைலட்-லிங்க் என்ற பொதியே போதும், பாம் டெஸ்க்டாப் வேண்டாம். அங்கேயும் அதே கதைதான், ஹாட்சிங்கைத் தட்டிய பிறகுதான் போர்ட் முளைக்கும். பெரும்பாலும் இரண்டு முளைக்கும், அதில் இரண்டாவதைக் காட்டிப் பாருங்கள்.

ஆனால் இத்தனை பாடு உங்களுக்கு எதற்கு? டங்ஸ்டன் ஈயின் தலையில் எஸ்.டி. அட்டைத் துளை இருக்கிறதே! 1 ஜி.பி. அல்லது அதற்குக் கீழான பழைய எஸ்.டி. அட்டை ஒன்றைத் தேடுங்கள். எஸ்.டி.எச்.சி. என்று அச்சிட்டது வேண்டாம், கருவிக்கு அது புரியாது. கருவியிலேயே அட்டையை ஃபார்மட் செய்து, கணினியில் செருகி, 'பாம்' என்றொரு கோப்புறை, அதற்குள் 'லாஞ்சர்' என்றொரு கோப்புறை, அதற்குள் பி.ஆர்.சி. கோப்புகள். கருவியில் செருகினால் அட்டையின் பெயரில் ஒரு பகுதி வந்து நிற்கும், தட்டினால் ஓடும். பிடித்ததைக் கருவிக்குள் நகலெடுத்துக்கொள்ளலாம். நானே இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன், கேபிளைத் தேடும் பொறுமை போய்விட்டது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். டங்ஸ்டன் ஈயிலும் சார்ஜ் முழுதாக இறங்கினால் நினைவகம் காலி. அட்டையில் இருப்பது போகாது.

கேள்வி: ஒரு விளையாட்டை ஏற்றினேன். அதிலிருந்து கருவி தானாக அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்துகொண்டே இருக்கிறது. உள்ளே என் முகவரிப் பட்டியல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அழிக்க வேண்டாம், காப்பாற்றலாம். ஆனால் இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். காரணத்தைக் கேளுங்கள்.

நான் இயந்திரப் பராமரிப்பு வேலையில் இருந்த காலம். சட்டைப்பையில் பாம் த்ரீ. முந்நூறுக்கு மேற்பட்ட தொலைபேசி எண்கள், எந்த இயந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினேன் என்ற குறிப்பு, எல்லாம் அதற்குள். கடிகார மென்பொருள் ஒன்றை ஏற்றினேன், உங்களுக்கு ஆனது போலவே ஆயிற்று. திரையில் எழுதும் குச்சியான ஸ்டைலஸின் ஒரு முனையைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஊசி இருக்கும், அதைப் பின்புறத் துளையில் குத்தினால் ரீசெட், அதாவது கருவி புதிதாக எழும் என்று தெரியும். ஏதோ ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு குத்த வேண்டும் என்றும் மங்கலாக நினைவு. பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு குத்தினேன். திரையில் பல மொழிகளில் எச்சரிக்கை வந்தது. மேல் பொத்தான் என்று எங்கோ படித்த ஞாபகம் வேறு. அழுத்தினேன்.

முடிந்தது. கடைசியாக ஒத்திசைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தொட்டிலில் வைத்ததும் நான்கு மாதத்துக்கு முந்தைய நான் திரும்பி வந்தேன்.

நடந்தது என்னவென்றால், மேல்நோக்கி நகர்த்தும் அந்த ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை. அதைப் பிடித்துக்கொண்டு ஊசியால் குத்தினால், நாமாக ஏற்றிய மென்பொருள்கள் தொடக்கத்தில் தலை நுழைக்காமல் கருவி எழும். இதுதான் உங்களுக்கு வேண்டியது. பவரைப் பிடித்துக்கொண்டு குத்தினாலோ, "எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொல்வதும் இதே மேல் பொத்தான்! ஒரே பொத்தான் ஓரிடத்தில் காக்கிறது, ஓரிடத்தில் கொல்கிறது. இப்படி வடிவமைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆகவே மேல் பொத்தானை மட்டும் பிடியுங்கள், பவரைத் தொடாதீர்கள், குத்துங்கள். ஓரிரு விநாடி கழித்து விடுங்கள். எழுந்ததும் மெனுவில் 'டெலீட்' போய் அந்த விளையாட்டை நீக்கிவிட்டு, எதுவும் பிடிக்காமல் இன்னொரு முறை குத்துங்கள். தவறிப்போய் அழிக்கும் கேள்வி திரையில் வந்துவிட்டால் பதற வேண்டாம், மேல் பொத்தானைத் தவிர வேறு எதை அழுத்தினாலும் தப்பிக்கலாம்.

அடுத்த விளையாட்டை ஏற்றுமுன் ஒரு முறை ஒத்திசையுங்கள். என்னைப் போல நான்கு மாதம் விடாதீர்கள்.

கேள்வி: பழைய கருவி ஒன்றை வாங்கினேன். உள்ளே யாரோ ஒருவரின் பெயரும் எண்களும் இருக்கின்றன. அப்படியே ஒத்திசைத்து மென்பொருள் ஏற்றலாமா?

பதில்: கூடாது. ஒத்திசைத்தால் முன்பின் தெரியாதவரின் சொந்தபந்தம் எல்லாம் உங்கள் கணினியில் குடியேறிவிடும். மேலே நான் தவறுதலாகச் செய்தேனே, அந்த முழு அழிப்பை நீங்கள் தெரிந்தே செய்யுங்கள். அழித்த பிறகு கருவிக்குப் பெயர் இருக்காது. முதல் ஒத்திசைவில் கணினி யாரென்று கேட்கும், அங்கே உங்கள் பெயர். ஒரே பெயரை இரண்டு கருவிகளுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டும் மாறி மாறி ஒன்றின் எழுத்தை மற்றதில் கொண்டுபோய்க் கொட்டும்.

கேள்வி: இறக்கிய சதுரங்க விளையாட்டு வெறும் 40 கே.பி. இது முழு மென்பொருளா, ஏமாற்றா?

பதில்: முழுதேதான். 1996-இல் வந்த, பாம் கருவிகளின் மூத்த பிள்ளையான பைலட் 1000-க்கு மொத்த நினைவகமே 128 கே.பி. இந்தக் கருவிகளில் மென்பொருளை வேறிடத்தில் ஏற்றி ஓட்டுவதில்லை, கிடக்கும் இடத்திலேயே ஓடும். அதனால் எழுதியவர்கள் ஒவ்வொரு பைட்டையும் எண்ணித்தான் செலவழித்தார்கள். சதுரங்கத்தில் அது உங்களைத் தோற்கடித்தால் அளவைப் பார்த்துக் கோபப்படாதீர்கள்.

கேள்வி: நாட்காட்டி 2031-க்கு மேல் போகவில்லை. சரிசெய்ய மென்பொருள் உண்டா?

பதில்: பாமின் காலம் 1904-இல் தொடங்குகிறது. தேதியில் ஆண்டுக்கு ஒதுக்கியது ஏழு பிட். ஏழு பிட்டில் எண்ணக்கூடியது 127 வரை, கூட்டினால் 2031. கருவியின் எலும்புக்குள் இருக்கும் கணக்கு இது, மேலே ஏற்றும் மென்பொருளால் நிமிர்த்த முடியாது. 2032-இல் பல் மருத்துவரிடம் போவதாக இருந்தால் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.