கேள்வி – பதில்: கிரீப்பர் வாசலில் நிற்கும்போது

கேள்வி: மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டைப் பற்றிய ஒரு விக்கியில், அதில் வரும் வெடிக்கும் அரக்கனான கிரீப்பர் பிறந்த கதையைக் கட்டுரையின் முதல் பத்தியாக ஆசையோடு எழுதினேன். மறுநாளே யாரோ அதைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டார். என் எழுத்தில் என்ன குறை?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: எழுத்தில் குறையில்லை தம்பி, இடத்தில்தான். விளையாட்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன் பன்றி உருவம் செய்யப்போய், உயரத்தையும் நீளத்தையும் மாற்றிப்போட, நெட்டையாக எழுந்து நின்றதே கிரீப்பர். அருமையான கதைதான். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறப்பவன் 'உஸ்' என்ற சத்தம் கேட்டு, பாதி ஆட்டத்தில் ஓடிவந்த பையன். சீறத் தொடங்கி 1.5 விநாடியில் வெடித்துவிடும். பூனையைக் கண்டால் கிரீப்பர் விலகி ஓடும் என்பதுதான் அவனுக்கு முதலில் வேண்டும். உயிர்ப்புள்ளி 20, கொன்றால் வெடிமருந்து கிடைக்கும் என்பவை ஓரத்துத் தகவற்பெட்டிக்கு. பன்றி கடைசியில் வரட்டும்.

பூனையின் ஜாதகத்தை இங்கே எழுதாதீர்கள்; அதற்குத் தனிப் பக்கம் உண்டு. சொல்லின் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டால் இணைப்பு வந்துவிடும். அதுவும் முதல்முறை மட்டும். எல்லாப் பூனையும் நீலமானால் பக்கம் தீபாவளிச் சீரியல் விளக்காகிவிடும். உட்தலைப்புக்கு இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி. தடித்த எழுத்தைத் தலைப்பு என்று நம்பிவிடாதீர்கள். அது பொருளடக்கத்தில் ஏறாது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? முப்பது ஆண்டு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். பத்தி தொடங்கும்போது சற்று இடம் விடுவது ஊறிப்போன பழக்கம். முதல் விக்கிக் கட்டுரையிலும் அப்படியே விட்டேன். வரியின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் இருந்தால் போதும், விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் அந்த வரியைப் பெட்டிக்குள் அடைத்துவிடும். ஒன்பது பத்தி, ஒன்பது பெட்டி! பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விட்டாலே போதுமாம். அன்றிலிருந்து முன்தோற்றம் பார்க்காமல் நான் எதையும் சேமிப்பதில்லை.

கேள்வி: அதே மைன்கிராஃப்ட் விக்கியில் "வைரம் இப்போது ஆழத்தில்தான் அதிகம்" என்று எழுதியிருந்தேன். 'இப்போது' என்ற சொல்லை மட்டும் ஒருவர் வெட்டினார். இது வேண்டாத வேலை இல்லையா?
– வாசகி, ஈரோடு

பதில்: நானும் வெட்டியிருப்பேன், அம்மா. எந்த இப்போது? 2021இல் வந்த 1.18 பதிப்பில்தான் விளையாட்டு உலகத்தின் அடித்தளம் உயர அளவில் மைனஸ் 64 வரை இறங்கியது. வைரமும் கீழே போகப்போகப் பெருகியது. அதற்கு முந்தைய பதிப்பில் விளையாடுகிறவர் உங்கள் வரியை நம்பிக் குடைந்தால் பாறையில் முட்டிக்கொள்வார். பதிப்பு எண்ணை எழுதுங்கள். பழைய கணக்கு 'வரலாறு' பகுதியில் இருக்கட்டும்.

கேள்வி: என்ன திருத்தினோம், ஏன் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியை வெறுமையாக விடலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: விடலாம். உங்கள் திருத்தத்தை நீக்கும்போது நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.